ஹீரோபிரைனும் பழைய மைன்கிராஃப்டும்: ஒன்றும் தெரியாதவர்களுக்கு

மைன்கிராஃப்ட் என்கிற கேமுக்குள் வெள்ளைக் கண்ணோடு ஒரு பேய் நடமாடுவதாகச் சொல்வார்களே, அந்த ஹீரோபிரைன் என்று ஒருவன் இல்லை. இருந்ததும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் இருந்து அக்கா மகன் இரவு பத்து மணிக்கு அழைத்து, "மாமா, உண்மையச் சொல்லுங்க, அவன் இருக்கானா இல்லையா?" என்று கேட்டான். நான் பத்து நிமிடம் சுற்றி வளைத்து விளக்கம் சொல்லப் போய், அவன் முன்பைவிட அதிகமாகப் பயந்துபோய் போனை வைத்துவிட்டான்.

அவனுக்குப் பதினொரு வயது. அக்கா வீடு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தின் தொங்கல் காம்பரா, அதாவது கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் ஓடும் கான், கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை, பொழுது சாய்ந்து மூட்டம் இறங்கிவிட்டால் அந்தத் தேயிலையும் தெரியாது. அங்கே போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, கேமுக்குள்ளும் மூட்டம் வெளியிலும் மூட்டம் என்று கிடக்கிற பிள்ளைக்கு வெள்ளைக் கண்ணோடு ஒருவன் தெரிந்தால் அது பிள்ளையின் குற்றம் இல்லை. அன்றைக்குச் சரியாகச் சொல்ல வராததை இப்போது எழுதி வைக்கிறேன். அக்காவும் படிப்பாள், அவளுக்குக் கேமில் அ, ஆ கூடத் தெரியாது, அதனால் அடியில் இருந்தே வருகிறேன்.

மைன்கிராஃப்ட் என்பது சதுரக் கட்டைகளால் ஆன ஓர் உலகம். மண், கல், மரம், தண்ணீர் எல்லாமே கட்டை. வெட்டலாம், அடுக்கலாம், வீடு கட்டலாம், சுரங்கம் தோண்டலாம், இரவில் வருகிற பூதங்களிடம் இருந்து தப்பலாம். இதைச் செய், அதைச் செய் என்று யாரும் சொல்வதில்லை. மணல் குவியலில் பிள்ளையை இறக்கிவிட்ட மாதிரி என்பதால் இந்த வகைக் கேமுக்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர். சுவீடனைச் சேர்ந்த மார்க்குஸ் பெர்சன், இணையத்தில் எல்லாரும் நாட்ச் என்று கூப்பிடும் ஆள், 2009 மே மாதம் தனி ஒருவராக இதை வெளியே விட்டார். 2011 நவம்பர் 18ஆம் திகதிதான் முழுமையான பதிப்பு வந்தது. 2014இல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது, பிறகு 30 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது, அதெல்லாம் பெரிய கதை. நமக்கு வேண்டியது அந்த 2009க்கும் 2011க்கும் நடுவில் இருக்கிற இரண்டரை வருடம்.

அந்தக் காலத்தில் விற்றது முடிக்காத கேம். 2010 ஜூன் கடைசியில் இருந்து அதற்கு ஆல்ஃபா என்று பெயர், 2010 டிசம்பர் 20க்குப் பிறகு பீட்டா. கூரைத் தகரம் ஏற்றாத வீட்டுக்குள் அடுப்பு மூட்டிக் குடியேறின மாதிரிதான், சனம் காசு கொடுத்து வாங்கி விளையாடிக்கொண்டிருக்கும்போதே நாட்ச் உள்ளே சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். இன்று பார்த்த மிருகம் நாளைக்கு வேறு மாதிரி நடக்கும். நேற்று இருந்த பொருள் இன்று இருக்காது. அதைவிட முக்கியமான ஒன்று, 2010 நடுப்பகுதியில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது: வெள்ளிக்கிழமைகளில் புதுப் பதிப்பு விடுவார், அதில் என்ன சேர்த்தார் என்று சொல்லமாட்டார். சீக்ரெட் ஃப்ரைடே அப்டேட் என்று அதற்குப் பெயர். நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுவார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேம் செய்தவரே எதையோ ஒளித்து வைத்துவிட்டுத் தேடச் சொல்கிறார். ஆயிரக்கணக்கான பேர் இரவெல்லாம் குகைக்குள் எதையாவது தேடிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவன் வந்து "நான் ஒன்று பார்த்தேன்" என்றால், பொய் என்று உடனே சொல்ல யாராலும் முடியாது. போன வெள்ளிக்கிழமை சேர்த்ததாகக்கூட இருக்கலாமே!

சரி, கட்டுக்கதை என்றால் என்ன? முனி கதை, மோகினி கதை எல்லாம் நமக்குப் புதிது இல்லை. ஆனால் நகரத்துக் கட்டுக்கதை என்று சொல்வதற்குச் சில அடையாளங்கள் உண்டு. சொல்கிறவர் தான் பார்த்ததாகவோ, தனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தெரிந்த ஒருவர் பார்த்ததாகவோ சொல்வார். இடம் பக்கத்தில் இருக்கும். நம்பும்படியான ஒரு சின்ன ஆதாரம், ஒரு படமோ ஒரு தழும்போ, கூடவே வரும். எழுதியவர் பெயர் இருக்காது. இணையத்தில் இந்தப் பயமுறுத்தும் வகையை கிரீப்பிபாஸ்டா என்பார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் காப்பி பேஸ்ட் செய்து பரப்புவதில் இருந்து வந்த பெயர் அது. வாய்க்கு வாய் மாறுவதற்குப் பதிலாகப் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் தோட்டத்தில் ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஆலைக்குப் போகிற குறுக்குப் பாதையில் ரோதமுனி இருந்தது. ரோதை என்றால் சக்கரம், தேயிலை ஸ்டோர் மெஷினுக்குக் காவல் நிற்கிற முனி. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு ஒரு சாமி இருக்கிற மாதிரி மெஷினுக்கு ஒரு சாமி. கோயில் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கல்லும் சூலமும்தான். எனக்கு ஒன்பது வயது இருக்கும், விடியற்காலை பால் வாங்கப் போனபோது அந்தப் பாதையில் மூட்டத்துக்குள் இருந்து தலையே இல்லாமல், மேல் பாதி பெருத்த ஒன்று இறங்கி வந்தது. போத்தலைப் போட்டுவிட்டு ஓடினேன். அது எங்கள் அம்மாயி, அம்மாவின் அம்மா. மழைக்குக் கொழுந்துக் கூடையைத் தலையில் கவிழ்த்து, படங்கைச் சுற்றிக்கொண்டு பெரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு அது பல வருடம் கழித்துத்தான் தெரியும். அன்று நான் வீட்டில் சொன்ன கதையில் அந்த உருவத்துக்குக் கண் சிவப்பு. ஒரு கிழமைக்குள், கீழே இருக்கிற பணிய லயத்தில் அதற்குக் காலும் இல்லாமல் போயிருந்தது. கடைசியில் அம்மாயியே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அந்தப் பக்கம் முனி நடமாடுதாம், இருட்டில் போகாதே என்று சொன்னாள்.

ஹீரோபிரைன் கதையும் மூட்டத்தில்தான் தொடங்குகிறது.

2010 ஆகஸ்ட் மாதம் 4சானில், பெயரே போடாமல் எழுதலாம் என்கிற ஒரு இடம் அது, யாரோ ஒருவர் ஒரு படத்தோடு ஒரு கதை போட்டார். தனியாக விளையாடிக்கொண்டிருந்தேன், தூரத்தில் மூட்டத்துக்குள் ஏதோ அசைந்தது, மாடு என்று நினைத்தேன், மாடு இல்லை, என்னைப் போலவே ஓர் ஆள், கண் மட்டும் வெறுமையாக இருந்தது, தலைக்கு மேல் பெயர் வரவில்லை, என்னைப் பார்த்துவிட்டு மூட்டத்துக்குள் ஓடிவிட்டான் என்று. அப்புறம் அந்த உலகத்தில் யாரும் கட்டாத சின்னச் சின்ன மணல் பிரமிடுகளைக் கண்டாராம், இரண்டுக்கு இரண்டு அளவில் வெட்டிய நீளமான சுரங்கங்களைக் கண்டாராம், இலை இல்லாத மரங்களைக் கண்டாராம். இதைப் பற்றி மற்றவர்களிடம் கேட்கப் போனால் ஹீரோபிரைன் என்ற பெயரில் இருந்து ஒரே ஒரு சொல் வந்ததாம்: நிறுத்து. அந்தப் பெயர் நாட்சின் சகோதரர் பயன்படுத்திய பெயராம். நாட்சுக்கே எழுதிக் கேட்டாராம், ஒருவர் இருந்தார், இப்போது எங்களோடு இல்லை என்று பதில் வந்ததாம்.

எழுதியவர் யாராக இருந்தாலும் கைதேர்ந்த ஆள். அந்தக் காலத்துக் கேமில் எல்லாருக்கும் முதலில் கிடைத்த உருவத்துக்கு ஸ்டீவ் என்று பெயர், நீலச் சட்டை போட்டவன். பேய்க்குப் புது உடம்பு செய்யாமல் அந்த ஸ்டீவையே எடுத்து, கருவிழியை மட்டும் அழித்துவிட்டார். நீங்கள் கண்ணாடியில் பார்க்கிற உருவம்தான் எதிரே நிற்கிறது. அடுத்தது நேரம். ஆல்ஃபாவில் உயிர் பிழைக்கும் விளையாட்டைப் பலர் சேர்ந்து ஆடும் வசதி அதே 2010 ஆகஸ்டில்தான் எட்டிப் பார்த்தது. அதுவரை உலகத்தில் நீங்களும் ஆடும் மாடும்தான். வேறு மனிதன் வருவதற்கு வழி திறந்த அதே மாதத்தில், வழி திறக்காத உலகத்துக்குள் ஒருவன் வந்து நின்றான் என்று ஒரு கதை!

அதற்கும் மேலே ஒன்று உண்டு, எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். அந்தப் பொய்யில் இருக்கிற துண்டுகளுக்கெல்லாம் கேமுக்குள் ஒரு சொந்தக்காரன் இருந்தான். பிரமிடு என்றார் அல்லவா? 2010 தொடக்கத்தில், இன்ஃப்டெவ் என்று சொல்லப்படும் பதிப்புகளில், கேமே செங்கல்லால் பிரமாண்டமான பிரமிடுகளை உருவாக்கி நிறுத்தியிருந்தது, பிறகு நாட்ச் எடுத்துவிட்டார். இலை இல்லாத மரம்? கேமில் தீப்பிடித்தால் இலைதான் முதலில் போகும், மரம் மொட்டையாக நிற்கும். ஸ்டீவ் உருவத்தில் யாரோ நடமாடுவது? 2009 மே மாதம், கேம் வெளியே வருவதற்குச் சில நாள் முந்திய சோதனைப் பதிப்பிலேயே, ஆள் இல்லாத மனித உருவங்கள் இருந்தன, ஆட்டக்காரரின் அதே தோலை, உருவத்தின் மேல் ஒட்டுகிற படத்தை, போட்டுக்கொண்டு கையை ஆட்டி ஆட்டி அர்த்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஹீரோபிரைனுக்கும் அவைகளுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, வெள்ளைக் கண்ணும் கிடையாது. ஆனால் பழைய ஆட்டக்காரர் ஒருவர் "ஏதோ அப்படி ஒன்று இருந்தது போல ஞாபகம்" என்று இழுத்தால் அவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது.

கதை 4சானோடு நின்றிருந்தால் செத்திருக்கும். பிராக்ராஃப்ட் என்ற நேரலைச் சேனலில் ஒருவர் விளையாடிக்கொண்டிருந்தபோது, ஒரு அறைக்குள் நுழைந்தால் அங்கே ஹீரோபிரைன் நிற்கிறான், அவர் அலறிக்கொண்டு ஓடுகிறார். பார்த்தவர்கள் நேரலையில் பார்த்தார்கள், அதனால் நம்பினார்கள். உண்மையில் அது சுவரில் மாட்டும் ஓவியம். கேமின் படக் கோப்புகளைத் திறந்து, ஓவியத்துக்குப் பதிலாக வெள்ளைக் கண் ஸ்டீவை வரைந்து வைத்திருக்கிறார், பிறகு அவரே ஒத்துக்கொண்டார். ஓவியம் அந்தக் கேமில் தட்டையான ஒரு சமாச்சாரம், பக்கவாட்டில் போய்ப் பார்த்திருந்தால் அட்டை மாதிரி தெரிந்திருக்கும். அலறிக்கொண்டு ஓடினால் பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டியது இல்லை பாருங்கள்.

நாட்ச் தனக்கு இறந்துபோன சகோதரர் யாரும் இல்லை, ஹீரோபிரைனும் இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாரா? 2011 மே மாதம் பீட்டா 1.6.6 வந்தபோது, மாற்றங்களின் பட்டியலில் கடைசியாக "ஹீரோபிரைன் நீக்கப்பட்டான்" என்று ஒரு வரி. அதன் பிறகும் எத்தனையோ பதிப்புகளின் பட்டியலில் அதே வரி திரும்பத் திரும்ப வந்தது. இல்லாத ஒருவனை எத்தனை தரம் நீக்குவது? பெரியவர்களுக்கு அது பகிடி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது வாக்குமூலம், நீக்கினார்கள் என்றால் இருந்திருக்கிறான் என்றுதானே அர்த்தம். என் மருமகன் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டான், எனக்கு அன்று பதில் வரவில்லை.

ஹட்டனில் 2011இல் நான் போய்வந்த நெட் கஃபே ஒன்றில் ஐந்து கணினி இருந்தது. மூன்றாவது கணினியில் மட்டும்தான் ஹீரோபிரைன் வருவான் என்று அங்கே ஒரு பேச்சு. நானும் நம்பினேன், மறைக்கவில்லை. மூன்றாவது காலியாக இருந்தாலும் பையன்கள் காத்திருந்து வேறு கணினியில் உட்காருவார்கள், சில பேர் அதற்காகவே சண்டை போட்டு அதில் உட்காருவார்கள். பிறகு ஒருநாள் நான் அதில் விளையாடும்போது கை தவறி எஃப் விசையில் பட்டது, எதிரே இருந்த மூட்டம் அப்படியே விலகி மலை தெரிந்தது. அந்தக் கணினி ஐந்திலும் மெதுவானது. சிக்கிச் சிக்கி ஓடாமல் இருக்க யாரோ பார்வைத் தூரத்தை ஆகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். பழைய மைன்கிராஃப்டில் தூரம், நடுத்தரம், கிட்ட, மிகக் கிட்ட என்று நான்கு அளவு உண்டு, எஃப் விசையை அழுத்த அழுத்த மாறும். மிகக் கிட்ட என்று வைத்தால் முப்பது கட்டைத் தூரத்துக்கு மேல் எல்லாமே வெள்ளைப் புகைதான், அதற்குள் ஓர் ஆடு தலையைத் தூக்கினாலும் நெஞ்சு ஒருதரம் அடித்துக்கொள்ளும். கணினி எவ்வளவு மோசமோ அவ்வளவு பேய்.

இனி ஒரு உண்மைக்கு வருவோம். பழைய பதிப்புகளின் கதைகளில் நம்ப முடியாத மாதிரி இருந்தும் முழுக்க உண்மையானது ஒன்று உண்டு, அதற்குப் பெயர் ஃபார் லேண்ட்ஸ், தொலைதூர நிலம். முடிவே இல்லாத உலகம் என்று சொல்கிற கேமில், ஒரே திசையில் நடந்துகொண்டே இருந்தால் ஓர் இடத்தில் நிலம் பைத்தியம் பிடித்துப்போய் நிற்கும் என்று பேச்சு இருந்தது. வானம் முட்டும் சுவர், அந்தச் சுவரெல்லாம் ஓட்டை, பாலாடைக்கட்டி மாதிரி. கேட்டால் ஹீரோபிரைனைவிடப் பெரிய பொய் மாதிரி இருக்கும். ஆனால் அது இருந்தது. உலகத்தின் நடுவில் இருந்து 12,550,821ஆவது கட்டையில்.

ஏன் அந்த எண்? இதைப் புரிந்துகொள்ள ஒரு தராசு போதும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பழைய முள் தராசு பார்த்திருப்பீர்கள். அது 50 கிலோ வரைக்கும் காட்டும் என்றால், 60 கிலோவைத் தொங்கவிட்டாலும் முள் ஐம்பதில் முட்டிக்கொண்டு நிற்கும். கணினியில் முழு எண்களை எழுதும் ஒரு வகைப் பெட்டிக்கும் இப்படி ஒரு முட்டு உண்டு, 32 பிட் பெட்டி என்றால் 2,147,483,647தான் உச்சம். மேடு எங்கே பள்ளம் எங்கே என்று முடிவு செய்ய மைன்கிராஃப்ட் ஒரு கணக்குப் போடுகிறது, நீங்கள் ஒரு கட்டை தள்ளி நடந்தால் அந்தக் கணக்கில் ஓர் எண் சுமார் 171.103 கூடுகிறது. உச்சத்தை 171.103ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த ஒன்றேகால் கோடிச் சொச்சம் வரும். அந்த இடத்தில் முள் முட்டிக்கொள்கிறது. நீங்கள் மேலே மேலே நடந்தாலும் கணக்கு நகர மறுக்கிறது, அந்தப் பிழையான கணக்கில் இருந்து பிறக்கிற நிலம் சுவராகவும் ஓட்டையாகவும் எழுந்து நிற்கிறது. யாரும் திட்டம் போட்டுக் கட்டியது இல்லை.

ஒரு கட்டை ஒரு மீட்டர் என்று கணக்கு. அப்படியென்றால் 12,550 கிலோமீட்டர், பூமியின் விட்டத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கேமில் ஆள் நடக்கிற வேகம் வினாடிக்கு நான்கே சொச்சம் மீட்டர், இரவு பகல் பார்க்காமல் நடந்தால் 800 மணி நேரத்துக்கு மேல், 33 நாள். இதை நடந்து பார்க்கிறேன் என்று 2011 மார்ச்சில் கர்ட் ஜே. மேக் என்ற அமெரிக்கர் கிளம்பினார், நடப்பதை வீடியோ வீடியோவாகப் போட்டு, அதைக்கொண்டு நோயாளிப் பிள்ளைகளுக்கு உதவும் நிறுவனத்துக்குப் பணமும் சேர்த்தார். 2011 செப்டம்பரில் பீட்டா 1.8 வந்து நில உருவாக்கத்தை மாற்றியபோது ஃபார் லேண்ட்ஸ் போய்விட்டது. அவர் பழைய பதிப்பிலேயே நின்றுகொண்டு நடந்தார். எனக்கு அவரை நினைத்தால் பாத யாத்திரை போகிறவர்கள்தான் ஞாபகம் வரும்.

கேமில் இப்படிப் பிழையில் பிறந்தது இன்னும் உண்டு. பக்கத்தில் வந்து வெடிக்கிற அந்தப் பச்சை உருவம், கிரீப்பர், இன்று மைன்கிராஃப்டுக்கே முகம் அதுதான். பன்றி செய்யப் போன நாட்ச் உயரத்தையும் நீளத்தையும் மாற்றிப் போட்டுவிட்டார், நெட்டையாக ஒன்று வந்தது, அதைத் தூக்கிப் போடாமல் பச்சை அடித்துப் பூதமாக்கிவிட்டார்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டான குகைக்குப் பக்கத்தில் நின்றால் கேம் திடீரென்று ஒரு சத்தம் விடும், காற்று ஊதுகிற மாதிரி, இரும்பு உரசுகிற மாதிரி, தூரத்தில் ரயில் கூவுகிற மாதிரி. அருகில் எதுவும் இருக்கவேண்டும் என்று இல்லை, அது வெறும் சூழல் ஓசை. இசை அமைத்தவர் சி418 என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியர் டேனியல் ரோசன்ஃபெல்ட். கேமில் கிடைக்கிற இசைத்தட்டுகளில் 11 என்ற எண் போட்ட உடைந்த தட்டு ஒன்று உண்டு, போட்டால் பாட்டு இல்லை, யாரோ இருமுகிறார், ஓடுகிறார், பட்டென்று அறுந்துவிடுகிறது. அந்தச் சத்தத்தை ஸ்பெக்ட்ரோகிராம் என்கிற படமாக மாற்றிப் பார்த்தால் ஒரு முகமும் 12418 என்ற எண்ணும் தெரியும். உடனே சனம் ஹீரோபிரைன் என்று கத்தியது. பதினாறை அடியாகக் கொண்ட எண் முறையில் சி என்றால் 12, பக்கத்தில் 418ஐப் போட்டால் இசையமைப்பாளர் தன் பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்.

மற்றக் கதைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. என்டிட்டி 303 என்று சிவப்புக் கண்ணோடு ஒருவன், வேலையை விட்டுத் துரத்தப்பட்ட ஊழியர் பழிவாங்க வந்தார் என்று கதை. எரர் 422 என்று ஒரு ரகசியப் பழைய பதிப்பு, ரசிகர்கள் தயாரித்தது. நல் என்று கறுப்பாக ஒருவன். எல்லாமே ஹீரோபிரைனைப் பார்த்துப் போட்ட சூடு. பேய்க்கு ஒரு காரணம், காரணத்துக்கு ஒரு காரணம் என்று விளக்கிக்கொண்டே போவதால் பயமே வருவதில்லை.

ஆனால் உண்மையிலேயே காணாமல் போன ஒரு பதிப்பு இருந்தது. ஆல்ஃபா 1.1.1. 2010 செப்டம்பர் 18ஆம் திகதி வந்தது, பலருக்குத் திரை முழுக்கச் சாம்பல் நிறமாகிவிடும் ஒரு பிழை இருந்ததால் சில மணி நேரத்திலேயே அதன் இடத்தில் அடுத்த பதிப்பு வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் யாரிடமும் ஒரு பிரதி இல்லை. பழைய பதிப்புகளைச் சேகரிக்கிற ஒரு கூட்டம் இதைத் தேடிக்கொண்டே இருந்து, கடைசியில் 2021 ஜூனில் யாரோ ஒருவரின் பழைய கோப்புகளுக்குள் இருந்து வெளியே வந்தது. உள்ளே பேய் எதுவும் இல்லை.

அதே 2021 ஜனவரியில் ஹீரோபிரைன் நின்ற இடத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆளை இல்லை, இடத்தை. மைன்கிராஃப்ட் உலகம் ஒவ்வொன்றும் சீட் என்கிற ஓர் எண்ணில் இருந்து முளைக்கிறது, விதை மாதிரி, அதே எண்ணைக் கொடுத்தால் அதே மலை, அதே மரம், அதே குகை வரும். அந்தப் பழைய படத்தில் மரம் எங்கே நிற்கிறது, நிலம் எங்கே மேடாகிறது என்று அளந்துகொண்டு, ஒவ்வொரு விதையாகப் போட்டுப் பார்த்தால் ஒருநாள் பொருந்தும். கேம் பயன்படுத்துகிற சீரற்ற எண் முறைக்கு 2இன் 48ஆம் அடுக்கு நிலைகள், அதாவது 281 லட்சம் கோடிக்கு மேல். இதை ஒரு கணினியில் செய்ய முடியாது, அதனால் மைன்கிராஃப்ட் அட் ஹோம் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் தங்கள் தங்கள் வீட்டுக் கணினிகளை இதற்குக் கொடுத்தார்கள். பொருந்திய விதை 478868574082066804. அந்த உலகத்தில் அந்த இடத்தில் போய் நின்றால் மலையும் மரமும் மூட்டமும் படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும், ஆள் மட்டும் இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லிப் பலன் இல்லை என்று, தைப்பொங்கல் லீவுக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தலவாக்கலைக்கே போனேன். கணினியில் ஓடும் ஜாவா மைன்கிராஃப்டின் தொடக்கப் பக்கத்திலேயே பழைய பதிப்புகளைக் காட்டு என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் ஆல்ஃபா 1.0.16 கிடைக்கும். அவன் போனில் இருப்பது வேறு, அடியில் இருந்து வேறு மொழியில் எழுதிய கேம், கதையில் வரும் அந்த ஆல்ஃபா அதற்குள் ஒருநாளும் இருந்ததே இல்லை. ஆல்ஃபாவில் விதை எண்ணைத் தட்டுகிற இடம் கிடையாது, அது பீட்டா 1.3இல்தான் வந்தது, அதனால் அந்த விதையில் ஆக்கிய உலகத்தின் சேமிப்புக் கோப்பை எடுத்துப் போட்டேன்.

மழை, கரண்ட் வேறு போய்விட்டது, பேட்டரியில் ஓடுகிறது. அவன் என் தோளில் நாடியை வைத்துக்கொண்டு பார்க்கிறான். அந்த இடத்துக்குப் போனோம். படத்தில் இருக்கிற அதே மரம். பார்வைத் தூரம் மிகக் கிட்ட. ஒன்றும் இல்லை. "எஃப் அமுக்கு" என்றேன். அமுக்கினான், மூட்டம் விலகியது, ஒரு மாடு. இன்னும் மூன்று தரம் அமுக்கினான், மாடு மறைந்தது. இருபது தரமாவது அமுக்கியிருப்பான். அப்புறம் தோல் கோப்பு எங்கே இருக்கு என்று கேட்டான், காட்டினேன். ஸ்டீவின் முகத்தில் கண்ணுக்கு மொத்தமே நான்கு புள்ளி, பக்கத்துக்கு ஒரு வெள்ளையும் ஒரு நீலமும். நீல இரண்டையும் வெள்ளையாக்கினால் ஹீரோபிரைன் ரெடி. அவன் கண் பெரிதாகிவிட்டது, "இவ்வளவுதானா மாமா?"

பயம் போய்விட்டது என்று நானும் கொழும்புக்கு வந்துவிட்டேன். நேற்று அக்கா எடுத்தாள். அவன் தன் போனில் அந்த வெள்ளைக் கண்ணைச் செய்து போட்டுக்கொண்டு, ஒரே ஹொட்ஸ்பொட்டில் பணிய லயத்துப் பையன்களோடு சேர்ந்து விளையாடுகிறபோது ஒரு பேச்சும் பேசாமல் மூட்டத்துக்குள் போய் நிற்கிறானாம். பெயரை ரோதமுனி என்று மாற்றி வைத்திருக்கிறானாம். பக்கத்துக் காம்பராப் பிள்ளை இரண்டு நாளாக இரவில் தண்ணீர் எடுக்கிற பீலிக்கரைக்குப் போகமாட்டேன் என்கிறதாம், அதன் தாய் வந்து அக்காவோடு ஒரே சத்தம், இதையெல்லாம் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று.